நம்ம முருகனுக்கு ஒரு பேய்ப் பாட்டி

 

தினமும் கந்த சஷ்டி கவசம் படிக்கிறோம். அதுல எத்தனை விதமான பேய், பிசாசு, பூதம்னு வரிசையாச் சொல்லி, எல்லாம் ஓடிப் போகணும்னு வேண்டுறோம், கவனிச்சிருப்பீங்க. சின்ன வயசுல ட்யூஷன் முடிஞ்சு இருட்டுல வரும்போது நான் கவசத்துல அந்தப் பகுதியை மட்டும் மூச்சு விடாம சொல்லிக்கிட்டே வீடு வரைக்கும் ஓடி வருவேன். பேய் நம்ம பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான் அப்போ தெரிஞ்ச பக்தி.

ஆனா ஒரு அம்மா, என்னைப் பேயாக்கிடு என்று கடவுள்கிட்டயே கேட்டு வாங்கினாங்க. வாங்கினதோட விடலை. பேய் என்பதையே தன் பேராக்கி, எழுதின பாட்டுல கையெழுத்து மாதிரி போட்டாங்க. காரைக்கால் அம்மையார்.

சிவன் கோயில் பிராகாரத்துல அறுபத்து மூவர் வரிசையைப் பார்த்திருப்பீங்க. எல்லாரும் கை கூப்பி நிற்பாங்க. நடுவுல எலும்பும் தோலுமா ஒரு உருவம் மட்டும் உட்கார்ந்திருக்கும். அவங்கதான். சின்னப் பசங்க பார்த்துப் பயந்து அம்மா புடவையைப் பிடிச்சுக்கும். அந்த அறுபத்து மூணு பேர்ல பெண்கள் மூணே பேர். அதுலயும் பாட்டு எழுதினவங்க இவங்க ஒருத்தர்தான்.

நமக்கு இவங்க என்ன உறவுன்னு யோசிச்சுப் பாருங்க. தாயும் தந்தையும் இல்லாத சிவபெருமான், அம்மா என்று கூப்பிட்டது இவங்களைத்தான். அப்பாவுக்கு அம்மான்னா முருகனுக்குப் பாட்டி! நாவல் பழம் உதிர்த்துப் போட்டு ஔவைப் பாட்டியை வம்புக்கு இழுத்த நம்ம ஆளுக்கு, கயிலாயத்துல சொந்தமாவே ஒரு பாட்டி இருந்திருக்காங்க.

பழம்னதும் ஞாபகம் வருது. மாம்பழம்னா நமக்குப் பழனிதான். ஒரு பழம் கிடைக்காம ஒரு பிள்ளை கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன கதை. பாட்டியோட கதையும் மாம்பழத்துல இருந்துதான் திரும்புது. ஆனா இங்க ஒரு பழம் கூடுதலா வந்ததால, ஒரு கணவன் பயந்து வீட்டை விட்டுப் போனான்.

இந்தக் கதையை நமக்கு முழுசாச் சொன்னவர் சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டுல, பெரிய புராணத்துல. அம்மையார் வாழ்ந்தது அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி. ஞானசம்பந்தருக்கும் முந்தினவங்க, 5 அல்லது 6ஆம் நூற்றாண்டுன்னு அறிஞர்கள் கணக்குப் போடுறாங்க. தேவாரமே இன்னும் பிறக்காத காலம்.

காரைக்கால் அப்போ கப்பல் வந்து போகிற வணிக ஊர். அங்க வணிகர்களுக்குத் தலைவர் தனதத்தன். அவருடைய ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதி என்ற வணிகரோட மகன் பரமதத்தனுக்குக் கட்டிக் கொடுத்தாங்க. ஒரே பொண்ணை வேற ஊருக்கு அனுப்ப அப்பாவுக்கு மனசு வரலை. காரைக்காலிலேயே தனி வீடு, நிறையப் பொருள், எல்லாம் கொடுத்து மாப்பிள்ளையையும் அங்கேயே தங்க வைத்துவிட்டார். மாப்பிள்ளையும் வியாபாரத்தில் கெட்டிக்காரன். நல்ல குடும்பம். யாரும் குறை சொல்ல ஒண்ணுமில்லை.

ஒரு நாள் கடைக்கு வந்த சிலர் பரமதத்தன் கையில் ரெண்டு மாம்பழம் கொடுக்கிறாங்க. அவன் அதை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு சிவனடியார் பசியோட வாசலுக்கு வந்துட்டார். சோறு வெந்துவிட்டது, கறி இன்னும் ஆகலை. காத்திருக்கச் சொல்ல மனசு வராம, இலையில சோத்தைப் போட்டு, வந்த பழத்துல ஒண்ணை எடுத்து வெச்சாங்க புனிதவதி. அடியார் சாப்பிட்டு வாழ்த்திட்டுப் போயிட்டார்.

மதியம் கணவன் வந்து உட்கார்ந்தான். சோறு, கறி, மீதி இருந்த ஒரு பழம். பழம் ரொம்ப ருசி. இன்னொண்ணையும் கொண்டு வா என்றான்.

இந்த இடத்துல கொஞ்சம் நிற்கலாம். அடியாருக்குக் கொடுத்துட்டேன்னு அப்பவே சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அதுல தப்பும் ஒண்ணுமில்லை. ஆனா அவங்க சொல்லலை. உள்ளே போனாங்க, செய்வதறியாம நின்னாங்க, இறைவனை நினைச்சாங்க. கையில ஒரு பழம் வந்து இருந்தது. ஏன் சொல்லலை? கணவன்கிட்ட பயமா, இல்லை அவன் ஆசையாக் கேட்டதை இல்லைன்னு சொல்ல முடியாத அன்பா? சேக்கிழார் அதைப் பிரிச்சுச் சொல்லலை. நம்ம வீட்டு அம்மாக்களை, பாட்டிகளைப் பார்த்தவங்களுக்கு அந்த அடுக்களை நிமிஷம் சொல்லாமலே புரியும்.

அந்தப் பழம் முதல் பழத்தை விட ருசியா இருந்தது. அவனுக்குச் சந்தேகம். இது நான் அனுப்பின பழமில்லையே, எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்டான். அப்புறம் மறைக்க மனசில்லாம நடந்ததைச் சொல்லிட்டாங்க. அவன் நம்பலை. அப்படின்னா இன்னொரு பழம் வரவழைச்சுக் காட்டு என்றான். திரும்பவும் உள்ளே போய் வேண்டினாங்க, பழம் வந்தது. அவன் கையில் வாங்கினான். வாங்கின கையிலேயே மறைஞ்சு போச்சு.

அன்னைக்கோட அந்தக் கல்யாணம் முடிஞ்சு போச்சு. ஊருக்குத் தெரியலை, அவ்வளவுதான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று அவன் முடிவு கட்டிட்டான். யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. ஒரே வீட்டுல, தொடாம, விலகி இருந்தான். கொஞ்ச நாள் கழிச்சு, கடல் கடந்து வியாபாரம் பண்ணப் போறேன்னு கப்பல் கட்டி ஏறிப் போயிட்டான்.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. அவன் கெட்டவன் இல்லை. அடிக்கலை, திட்டலை, துரோகம் பண்ணணும்னு கிளம்பலை. அவளைத் தெய்வம்னு நினைச்சான், அதனால போயிட்டான். இதுல யாரைப் போய்க் குறை சொல்றது? திட்டுறதுக்கு ஆள் இருந்தா அழுது தீர்த்துடலாம். கும்பிட்டுட்டுப் போனவனை என்ன செய்றது?

அப்புறம் எத்தனை வருஷம் போச்சுன்னு கணக்கு இல்லை. கணவன் கப்பல்ல போயிருக்கான், திரும்பி வருவான்னு வீட்டைப் பெருக்கி, விளக்கேத்தி, தன்னை அலங்கரிச்சு, அந்த அம்மா காத்திருந்தாங்க. சொந்தக்காரங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. அவனோ பொருள் சேர்த்துக்கிட்டுப் பாண்டிய நாட்டுக் கடற்கரை ஊர் ஒண்ணுல இறங்கி, அங்கே ஒரு வணிகரோட பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் குடும்பமாவே இருந்தான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அதுக்கு வெச்ச பேர் புனிதவதி.

சேதி எப்படியோ காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது. சொந்தக்காரங்க விடுவாங்களா? அம்மையாரைப் பல்லக்குல ஏத்தி அந்த ஊருக்கே கூட்டிட்டுப் போனாங்க. ஊருக்கு வெளியே ஒரு சோலையில் தங்கி அவனுக்கு ஆள் அனுப்பினாங்க.

அவன் வந்தான். புது மனைவியோட, தத்தித் தத்தி நடக்கிற குழந்தையோட. நேரா வந்து அம்மையார் காலில் விழுந்தான். உங்க அருளாலதான் வாழறேன், இந்தக் குழந்தைக்கு உங்க பேரைத்தான் வெச்சிருக்கேன் என்றான்.

கட்டின கணவன் காலில் விழுந்ததும், மிரண்ட மான் மாதிரி ஒதுங்கிச் சுற்றத்தார் பக்கம் போய் நின்னாங்களாம் அம்மையார். ஏம்ப்பா மனைவி காலில் விழறேன்னு சொந்தக்காரங்க கேட்டதுக்கு, இவங்க மானுடப் பிறவி இல்லை, நீங்களும் விழுந்து கும்பிடுங்க என்றான். அவங்க என்ன சொல்றதுன்னு தெரியாம திகைச்சுப் போய் நின்னாங்க.

அந்தச் சோலையில அம்மையார் நிலைமையை நினைச்சுப் பாருங்க. பல்லக்குல வரும்போது ஒரு மனைவியா வந்தாங்க. இறங்கினதும் மனைவி இல்லை. அம்மா இல்லை, குழந்தை இன்னொருத்தி இடுப்புல இருக்கு. தன் பேர் கூட இப்ப தன்னோடது மட்டும் இல்லை. அதையும் அந்தக் குழந்தை எடுத்துக்கிச்சு. காரைக்காலுக்குத் திரும்பிப் போனா என்னவா இருக்கிறது? அந்தக் காலத்துல அதுக்கு ஒரு பேரே கிடையாது.

அவங்க கத்தலை, சாபம் விடலை. இறைவனை நோக்கி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. இந்த அழகை, இந்தத் தசையை, இவனுக்காகத்தான் இதுவரை சுமந்தேன். இவன் கொள்கை இதுன்னு ஆனதுக்கு அப்புறம் இது எனக்கு எதுக்கு? இதைக் கழட்டிடு. உன் காலடியில் இருந்து உன்னைப் போற்றுகிற பேய்க் கூட்டம் இருக்கே, அந்த வடிவத்தை எனக்குக் கொடு என்றாங்க. கேட்டபடியே தசை எல்லாம் உதிர்ந்து எலும்பு உடம்பாயிட்டாங்க. வானத்துல இருந்து பூமாரி பொழிஞ்சது என்கிறது புராணம். சொந்தக்காரங்க பயந்து, கும்பிட்டு, விலகிப் போயிட்டாங்க.

நிறைய இடத்துல இதை ஒரு தியாகமாவும், சில இடத்துல விரக்தியாவும் எழுதுறாங்க. எனக்கு ரெண்டுமே பொருந்தலைன்னு தோணுது. விரக்தியில போறவங்க அடுத்த நிமிஷம் நூத்தியோரு வெண்பா பாட மாட்டாங்க.

ஆமா, உடனே பாட்டுதான். அற்புதத் திருவந்தாதி, 101 வெண்பா. ஒரு பாட்டு முடியுற சொல்லுல அடுத்த பாட்டு தொடங்கும், கடைசிப் பாட்டு முதல் பாட்டோட தொடக்கத்துல வந்து முடியும். நமக்கு அருணகிரிநாதரோட கந்தரந்தாதி தெரியும், அபிராமி அந்தாதி தெரியும். அதுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்னாடி, பெரிசா முன்மாதிரி எதுவும் இல்லாத காலத்துல, இவங்க அந்த வடிவத்துல ஒரு முழு நூலைப் பாடி வெச்சிருக்காங்க. அதுக்கு அடுத்து இருபது பாட்டுல திருஇரட்டை மணிமாலை.

இந்தப் பாட்டுகள்ல மாம்பழம் இல்லை. பரமதத்தன் இல்லை. கப்பல் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன், தன் குடும்பக் கதையை ஒரு இடத்துல கூட அவங்க எழுதலை. பிறந்து பேசக் கத்துக்கிட்ட நாள் முதலா உன் மேல அன்பு, என் துன்பத்தை எப்ப தீர்ப்பேன்னு கேட்டு அந்தாதியைத் தொடங்குறாங்க. அடுத்த பாட்டுலயே, அவன் என் துன்பத்தைத் தீர்க்கலைன்னாலும், இரக்கம் காட்டலைன்னாலும், போகிற வழியைச் சொல்லலைன்னாலும் என் மனசுல அன்பு மாறாதுங்கிறாங்க. துன்பம்னு சொல்றாங்க. என்ன துன்பம்னு விளக்கவே இல்லை.

ஆனா ஒரு பாட்டுல அந்தக் காரைக்கால் வீட்டு வாசல் எட்டிப் பார்க்குது. சிவன் உலகம் பூரா பிச்சை எடுக்கப் போறார் இல்லையா, அவருக்கு ஒரு யோசனை சொல்றாங்க. நீ எங்க வேணா போய் இரந்துக்கோ, ஆனா அந்தப் பாம்பை மட்டும் கழட்டி வெச்சிட்டுப் போ, பிச்சை போட வர்ற பொண்ணுங்க அது படம் எடுத்து ஆடறதைப் பார்த்தா பயந்து போட மாட்டாங்க என்கிறாங்க. பசியோட வந்தவருக்குக் கதவு திறந்து சோறு போட்ட பொண்ணுக்குத்தானே இந்த யோசனை வரும்? படிச்சுட்டு நான் சத்தமாவே சிரிச்சுட்டேன். பெத்தவங்க வெளியே கிளம்புற பிள்ளைக்குச் சொல்ற புத்திமதி மாதிரியே இருக்கும்.

அப்புறம் கயிலாயம். ஈசன் இருக்கிற மலையைக் காலால் மிதிக்கக் கூடாதுன்னு தலையால நடந்து ஏறினாங்க. இப்படி எலும்பு உடம்போட தலைகீழா ஏறி வர்றது யாருன்னு உமாதேவி ஆச்சரியமாக் கேட்டாங்க. நம்மைப் பேணுகிற அம்மை இவள், இந்த வடிவத்தையும் அவளே கேட்டு வாங்கினாள் என்று சொல்லிவிட்டு, ஈசன் அவங்களைப் பார்த்து அம்மையே என்று அழைத்தார். அவங்க அப்பா என்று விழுந்தாங்க. சோலையில மனைவியும் இல்லை, தாயும் இல்லைன்னு ஆனவங்களுக்கு உறவு திரும்பக் கிடைச்ச இடம் இது.

வரம் கேட்டாங்க. குறையாத அன்பு வேணும். பிறக்காம இருக்கணும், பிறந்தா உன்னை மறக்காம இருக்கணும். நீ ஆடும்போது உன் காலடியில உட்கார்ந்து பாடிக்கிட்டே இருக்கணும். ஈசன் அவங்களைத் திருவாலங்காட்டுக்கு அனுப்பி வெச்சார்.

திருவாலங்காடு நமக்கு ரொம்பப் பக்கத்து ஊர். திருத்தணி மலையில தணிகைநாதரைப் பார்த்துட்டுப் பஸ் ஏறினா போயிடலாம். அந்தக் கோயில் திருத்தணி முருகன் கோயிலோட நிர்வாகத்துலதான் இருக்கு. நடராஜரோட ஐந்து சபைகள்ல அது ரத்தின சபை. காலை ஆகாயம் வரைக்கும் தூக்கி ஆடின ஊர்த்துவ தாண்டவம் அங்கதான். காளியோட போட்டி போட்டு ஆடினதும் அங்கதான். அருணகிரிநாதர் அந்த ஊர் முருகனையும் பாடியிருக்கார்.

ஆனா அந்த ஊருக்கு இன்னொரு பேயும் சொந்தம். பக்கத்துப் பழையனூர் நீலி. பொய்யா அழறதை நீலிக்கண்ணீர்னு சொல்றோமே, அந்த நீலிதான். கதையைப் பல விதமாச் சொல்வாங்க. சுருக்கமா இதுதான். கட்டின கணவனே கொன்னுட்டான், அவ பேயானாள். அடுத்த பிறவியில அவன் வணிகனாப் பிறந்து அந்த வழியா வரும்போது, கள்ளிக் கொம்பு ஒண்ணைக் குழந்தையா மாத்தி இடுப்புல வெச்சுக்கிட்டு, இவன் என் புருஷன், என்னை விட்டுட்டுப் போறான்னு ஊர்ப் பெரியவங்க முன்னாடி அழுதாள். அவனோ இவ பேய்னு கதறினான். உன் உயிருக்கு நாங்க பொறுப்புன்னு சொல்லி அவளோட ராத்திரி தங்க வெச்சாங்க. விடிஞ்சா அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில இறங்கி உயிரை விட்டாங்க. 7ஆம் நூற்றாண்டுல சம்பந்தரே தன் பதிகத்துல இந்தப் பழிக் கதையைக் குறிப்பாச் சொல்லியிருக்கார், அவ்வளவு பழசு.

ஒரே சுடுகாட்டு ஊர். ரெண்டு பெண் பேய். ரெண்டு பேருக்கும் கணவனாலதான் வாழ்க்கை உடைஞ்சது. ஒருத்தி கையில இல்லாத குழந்தை, பழி வாங்கறதுக்கு ஒரு கருவி. இன்னொருத்தங்களுக்கும் குழந்தை இல்லை. அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பிச்சேன்.

திருவாலங்காட்டுல அவங்க பாடினது ரெண்டு பதிகம். மூத்த திருப்பதிகம்னு பேர், ஏன்னா தேவாரப் பதிகங்களுக்கெல்லாம் மூத்தது. பத்துப் பாட்டு, கடைசியில பாடினவர் பேர் சொல்ற ஒரு பாட்டு என்கிற அமைப்பைச் சம்பந்தருக்கு முன்னாடியே இதுல பார்க்கலாம். சிவன் ஆடறார் என்பதுதான் ஒவ்வொரு பாட்டோட முடிவும். ஆனா அதுக்கு முன்னாடி வர்ற வரிகள் எல்லாம் சுடுகாட்டைப் பத்தி. நடு ராத்திரியில வாகை மரத்து நெத்து காத்துல கலகலக்கும். கூகை கத்தும். ஓமக்குழியில போட்ட சோத்தை நரி வந்து தின்னுட்டுப் போயிடும், அடடா முன்னாடியே பார்க்காம விட்டோமேன்னு பேய்ங்க எரிச்சல்ல கையைத் தட்டிக்கிட்டு ஓடும். ஒரு பேய் கள்ளிக் கிளையில காலை நீட்டி உட்கார்ந்து, கொள்ளிக்கட்டையை மசிச்சுக் கண்ணுக்கு மை தீட்டிக்கும். தானே பெரிசாச் சிரிச்சுக்கும், திடீர்னு எதையோ பார்த்து மிரளும், துள்ளும், துள்ளினதுல சிதையோட நெருப்பு சுட்டுடும், கோவத்துல புழுதியை அள்ளிப் போட்டு நெருப்பை அணைக்கப் பார்க்கும். மேக்கப் போடுற பேய்! இவ்வளவு பக்கத்துல இருந்து பேயை யாராவது பார்த்திருக்காங்களா?

அடுத்து ஒரு பாட்டு. ஒரு தாய்ப் பேய். நிணத்தை விழுங்கிட்டு, மண்டை ஓட்டு மாலை போட்டுக்கிட்டு இருக்கு. அதுக்கு ஒரு குழந்தை. காளின்னு பேர் வெச்சுச் சீராட்டி வளர்க்குது. குழந்தை உடம்புல ஒட்டின புழுதியைத் துடைச்சு விட்டு, பால் கொடுத்துட்டு, தாய் எங்கேயோ போயிடுது. போன அம்மா வரலை. பார்த்துப் பார்த்து அழுதுட்டுக் குழந்தை அப்படியே தூங்கிடுது. அந்தச் சுடுகாட்டுலதான் எங்க அப்பன் ஆடறான்.

இவ்வளவுதான் பாட்டு. தாய் திரும்பி வந்ததா? சொல்லலை. சிவன் அந்தக் குழந்தையைத் தூக்கினாரா? அதையும் சொல்லலை.

முதல் தடவை படிச்சப்போ எனக்கு அந்தச் சோலைதான் கண்ணுல வந்தது. தத்தித் தத்தி நடந்து வந்த குழந்தை. அதுக்கும் ஒரு பேர் வெச்சிருந்தாங்க. அம்மையார் அந்தக் குழந்தையைத் தொட்டாங்களான்னு புராணத்துல இல்லை. சுடுகாட்டுல ஒரு பேய்க்குழந்தை மேல புழுதி ஒட்டியிருக்கிறதையும், அதை ஒரு கை துடைக்கிறதையும் மட்டும் பார்த்து எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எந்த உரையாசிரியரும் சொல்லி நான் படிக்கலை. எனக்குத் தோணினது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் நம்ம முருக பக்தர்களுக்காகவே. நாம பாராயணம் பண்ற திருமுருகாற்றுப்படை பன்னிரு திருமுறையில எங்க இருக்கு தெரியுமா? பதினோராம் திருமுறையில. அம்மையாரோட பாட்டு எல்லாம் இருக்கிறதும் அதே பதினோராம் திருமுறையில. திருமுருகாற்றுப்படையிலயும் ஒரு பேய்மகள் வருவா. முருகன் சூரனை அழிச்ச போர்க்களத்துல, காய்ஞ்ச தலைமுடியும் கோணல் பல்லும் சுழல்ற கண்ணுமா, பிணம் தின்னுக்கிட்டே துணங்கைக் கூத்து ஆடுவா. நக்கீரர் வர்ணிக்கிறதைப் படிச்சா முதுகு சில்லுனு ஆகும். பேயை வெளியில நின்னு, பயத்தோட பார்த்து எழுதினது அது. அதே தொகுப்புல சில பக்கம் தள்ளினா, பேயாகவே ஆயிட்ட ஒருத்தங்க எழுதினது. அங்க பேய்க்குப் பசிக்குது, அலங்காரம் பண்ணிக்கத் தோணுது, பிள்ளை அழுது. திருமுறைப் புத்தகம் வீட்டுல இருக்கிறவங்க ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சுப் பாருங்க.

பின்னாடி ஞானசம்பந்தர் அந்தப் பக்கம் வந்தப்போ, அம்மையார் தலையால நடந்த ஊராச்சே, நான் எப்படிக் காலை வைக்கிறதுன்னு தயங்கி வெளியிலயே தங்கிட்டாராம். என்னைப் பாட மறந்தாயான்னு ஈசன் கனவுல வந்து கேட்ட அப்புறம்தான் பாடினார். சொந்தக்காரங்க பயந்து விலகிப் போனாங்களே, அந்த உருவத்துக்கு இப்படி ஒரு மரியாதை.

சோழர்கள் காலத்துல கங்கைகொண்ட சோழபுரத்துல நடராஜர் சிற்பத்தோட காலடியில அவங்களை உட்கார வெச்சுச் செதுக்கினாங்க. வெண்கலத்துலயும் வார்த்தாங்க. கையில தாளத்தோட இருக்கிற ஒரு சிலை இப்ப நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துல இருக்கு. கடல் தாண்டிக் கம்போடியாவுல, 967ஆம் வருஷத்து பந்தியாய் ஸ்ரீ கோயில்லயும் ஆடுற சிவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது இவங்கதான் என்கிறாங்க. கப்பல்ல போன கணவன் எந்தக் கரையில இறங்கினானோ, பாட்டி அதைவிடத் தூரம் போயிட்டாங்க.

காரைக்கால்ல இன்னைக்கும் ஆனி மாசப் பௌர்ணமியில மாங்கனித் திருவிழா நடக்குது. பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடியில இருந்தும் கூரையில இருந்தும் கூடை கூடையா மாம்பழத்தை வீசுவாங்க. கீழே கூட்டம் அள்ளும். அந்தப் பழத்தைச் சாப்பிட்டா குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை. கல்யாணமாகி வருஷக்கணக்கா ஏங்குற பொண்ணுங்க முந்தானையை ஏந்திக்கிட்டு நிற்பாங்க. தனக்குன்னு ஒரு குழந்தை இல்லாமப் போன அம்மாகிட்டதான் வந்து கேட்கிறாங்க.

அடுத்த கிருத்திகைக்குத் திருத்தணி போறவங்க அரை நாள் கூட வெச்சுக்கிட்டுத் திருவாலங்காடும் போயிட்டு வாங்க. ரத்தின சபையில எல்லாரும் நடராஜரோட தூக்கின காலைத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க. பார்த்துட்டுக் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. அங்க இருப்பாங்க பாட்டி. பயப்படாம கிட்ட போய்க் கும்பிட்டுட்டு வாங்க.